பளபளா கழுவிய தொட்டி

தையல்காரர் வீட்டில் பொத்தான் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கியபோதே அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் வெள்ளைப் பொத்தான் பாட்டில் போனது. அடுத்து கறுப்பு. பிறகு கோட்டுக்கு வைக்கும் பெரிய பழுப்பு. எல்லாப் பொத்தான்களும் ஒரே தட்டில் கொட்டிக் கிடக்க, மனிதர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு நிறம் நிறமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வங்கிக்காரர் சட்டையில் நாலு வெள்ளையும் ஒரு நீலமும் ஏறியது அப்படித்தான். வங்கிக்காரர் அதை ஒரு வாரம் போட்டுக்கொண்டு திரிந்தார்; அவருக்கும் தெரியவில்லை, அவர் மனைவிக்கும் தெரியவில்லை. அது வேறு கதை.

பாட்டில்களை எடுத்தது தையல்காரரின் மனைவி. எடுத்து, அவற்றில் சாம்பல் நிற மண்ணைப் போட்டு, மூடி, தேதி எழுதி ஒட்டி, சமையலறை அலமாரியில் சர்க்கரைக்கும் உப்புக்கும் நடுவே அடுக்கினாள்.

"ஏம்மா, ஊரான் ஊரான் வீட்டுல எல்லாம் அலமாரியில சாப்பிடற சாமான் இருக்கும்," என்றார் தையல்காரர்.

"நீங்க பொத்தானைப் பொறுக்குங்க."

"ஒம்பது பாட்டில் ஆச்சு. இன்னும் எத்தனை?"

"அந்த ஆய்வாளர் கண்ணைத் திறக்கற வரைக்கும்."

அணையின் அடிவாரத்தில் கசிவு நீரை அளப்பது அவள் வேலை. தெரு அவளுக்கு வைத்த பெயர் அளவுக்காரி. ஊருக்கு மேலே, மண்ணால் கட்டி, மேல்பக்கம் கல் பதித்து நிற்கும் அந்த அணைக்கு அறுபத்தெட்டு வயது. அந்த வயதில் ஆளுக்கே நாலு இடத்தில் கோளாறு வரும். மண்ணணை கொஞ்சம் ஒழுகினால் தப்பில்லை. ஒழுகுகிற நீரெல்லாம் ஒரு வாய்க்கால் வழியாக அடிவாரத்துச் சிமெண்டுத் தொட்டிக்கு வந்து, அதன் முன்பக்கத் தகட்டில் முக்கோணமாக வெட்டிய வாய் வழியாக வழிந்து ஓடையில் சேரும். அந்த முக்கோணத்தில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று தினமும் காலையில் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. தண்ணீர் தெளிவாக வருகிறவரை நிம்மதியாகத் தூங்கலாம். மண்ணோடு வந்தால், அணை தன் வயிற்றுக்குள்ளிருந்து தன்னையே கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வெளியே கொட்டுகிறது என்று அர்த்தம்.

அவளுக்கு முன்னால் இருந்தவர் இருபத்திரண்டு வருடம் அந்த வேலையைப் பார்த்தார். படிவத்தின் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அதில் இருபத்திரண்டு வருடமும் அவர் 'சாதாரணம்' என்று எழுதினார். பாதி நாள் வீட்டிலிருந்தே எழுதினார் என்று அவர் மனைவியே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். ஓய்வு பெற்றபோது அலுவலகம் அவருக்குக் கைக்கடிகாரம் கொடுத்தது. அளவுக்காரி வந்து பதினாலு மாதம் ஆகிறது. கடந்த நாலு மாதமாகத் தொட்டியின் அடியில் படியும் மண்ணைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இன்னும் மூன்று வாரத்தில் மழை பிடித்துவிடும். அதற்குள் ஏரி மட்டத்தை இரண்டு மீட்டர் இறக்குங்கள், அவ்வளவுதான். மட்டம் இறங்கினால் அணைமேல் அழுத்தம் குறையும், கசிவும் அடங்கும், அப்புறம் நிதானமாகத் தோண்டிப் பார்க்கட்டும். அதற்கு உத்தரவு போடக்கூடியவர் ஒரே ஒருவர்: வருடத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து வரும் ஆய்வாளர்.

அவரிடம் போய்ச் சேருவதற்கு நடுவே சுண்ணாம்பு இருந்தார்.

சுண்ணாம்பு என்பது அணை மேற்பார்வையாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். ஆய்வாளர் வருகிறார் என்றால் மரத்துக்கு இடுப்பு வரைக்கும், கல்லுக்குக் கழுத்து வரைக்கும் வெள்ளையடித்துவிடுவார். அசையாமல் ஐந்து நிமிஷம் நின்றால் நமக்கும் அடித்துவிடுவார் என்று சொல்வார்கள்.

"சார், போன வாரம் ஒம்பதரை. இந்த வாரம் பதினொன்னு. ஏரி மட்டம் அதே மட்டம்தான். மண்ணு வேற வருது."

"மண்ணு வராம மாம்பழமா வரும்? மண்ணணைம்மா அது."

"குறிப்புல எழுதியிருக்கேன் சார். நீங்க திருப்பி அனுப்பிட்டீங்க."

அவர் படிவத்தை எடுத்துக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் படித்தார். "'நீர் கலங்கல். அடியில் இரண்டு விரல் கனம் சாம்பல் நிற மென்மண் படிந்துள்ளது. அணையின் உட்பகுதி அரிக்கப்படுவதாக அஞ்சுகிறேன், உடனடியாக...' ஏம்மா, இது குறிப்பா, காதல் கடுதாசியா? பாதி கட்டத்துக்கு வெளியில நிக்குது."

"கட்டம் சின்னதா இருக்கு சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். கட்டம் சின்னதா இருந்தா விஷயமும் சின்னதா இருக்கணும்."

தலைமை அலுவலகத்துக்கு நேராகவே மூன்று கடிதம் போட்டுப் பார்த்தாள். மூன்றுக்கும் பதில் வந்தது: 'தங்கள் கடிதம் உரிய அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.' உரிய அலுவலகம் என்பது சுண்ணாம்பின் மேசை. மூன்றும் அங்கே ஒரு கல்லுக்கடியில் இருந்தன. அந்தக் கல்லும் வெள்ளையடித்த கல்.

அவரையும் ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. ஓய்வுக்குப் பதினாலு மாதம் இருந்தது. ஏரியில் படகு விடுகிறவர்கள் ஒருபக்கம், குழாய்த் தண்ணீர் குறைந்தால் வாசலில் வந்து கத்தப்போகிற ஊர் ஒருபக்கம். இறக்கலாம் என்று வாயைத் திறந்தால் எல்லாம் அவர் தலையில்தான் விடியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. அவர் தலை பத்திரமாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க சார்," என்றாள் அளவுக்காரி. "வியாழக்கிழமை ஆய்வாளர் வராரு. இந்த ஒரு தடவை தொட்டியைக் கழுவச் சொல்லாதீங்க. மண்ணு அப்படியே கிடக்கட்டும். அவர் கண்ணால பாக்கட்டும். பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொன்னா நான் அப்புறம் வாயைத் திறக்கமாட்டேன்."

அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்ற இடம் அவருக்குப் பிடித்திருந்தது போல. "சரிம்மா. தொட்டியை நான் கழுவச் சொல்லமாட்டேன். போதுமா?"

இதைச் சொல்லியே ஆக வேண்டும்: சுண்ணாம்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அன்று சாயங்காலம் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி வீடு அணைக்கு நேர் கீழே, பள்ளத்துத் தெருவில், மூன்று மாதத்துக்கு முன்புதான் கட்டி முடித்தது. ஒருநாள் அவள் தொட்டியிலிருந்து அந்த வீட்டு வாசல் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து பார்த்தாள். பதினேழு நிமிஷம். அதுவும் அவள் மூட்டுவலிக் காலோடு. தண்ணீருக்கு மூட்டுவலி கிடையாது. அந்த வீட்டுக்குள் தம்பி, அவன் மனைவி, எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள். அவளுக்குச் சோறு இறங்காததற்கு அணை ஒரு காரணம் என்றால், இந்த நாலு பேர் மீதிக் காரணம்.

தம்பிக்கு அணையிலேயே பராமரிப்பு வேலை, ஆறு வருடமாகத் தற்காலிகம். அவனை எல்லோரும் பளபளா என்பார்கள். கையில் ஒரு துணி கிடைத்தால் எதையாவது துடைப்பான். சின்ன வயதில் அக்காவின் கணக்கு நோட்டை அழுக்காக இருக்கிறது என்று ஈரத்துணியால் துடைத்தவன்.

"மழை முடியற வரைக்கும் எங்க வீட்டுல வந்து இருங்கடா. மேட்டுத் தெரு. ரெண்டு மாசம்தான்."

"அக்கா, நீ இந்த வேலைக்குப் போனதுலேருந்து எதைப் பாத்தாலும் உனக்கு ஒழுகற மாதிரியே தெரியுது. எங்க வீட்டுக் குழாயைப் பாத்து அன்னிக்கு ஒரு மணி நேரம் நின்னியே."

"அதுவும் ஒழுகிச்சு."

"ஒழுகிச்சு, சரி பண்ணிட்டேன்ல."

தம்பி மனைவி ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலிமேல் நின்றபடியே திரும்பினாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. புது வீட்டுல உக்காந்துகிட்டு வரும்போதெல்லாம் அடிச்சிட்டுப் போயிடும், அடிச்சிட்டுப் போயிடும்னு சொல்றீங்க. பிள்ளைங்க கனவுல மீன் வருதாம்."

"மீன் வந்தா நல்லதுதானே," என்றான் பளபளா.

"நீங்க சும்மா இருங்க."

அளவுக்காரி பெருமூச்சு விட்டாள். "வியாழக்கிழமை ஆய்வாளர் என் தொட்டிக்கு வராருடா. அவர் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயாவது காட்டப்போறேன். அதுலதான் எல்லாம் இருக்கு."

இவ்வளவு தெளிவாகத்தான் சொன்னாள். ஆனால் பளபளாவின் காதுக்குள் போய்ச் சேர்ந்தது, பெரிய அதிகாரி அக்காவின் தொட்டியைப் பார்க்க வருகிறார் என்பது மட்டும். அந்தத் தொட்டி இருக்கிற லட்சணத்தை அவன் திங்கட்கிழமைதான் பார்த்திருந்தான்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். மண் படாத ரப்பர் காலணி, தலையில் மஞ்சள் தொப்பி, கையில் மடக்குக் குடை. சுண்ணாம்பு அவரை அணைமேல் நடத்தி, வெள்ளையடித்த கற்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தினார். அளவுக்காரி பை நிறையப் பாட்டில்களோடு பின்னாலேயே போனாள். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணு என்றன. ஆய்வாளர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"அந்தம்மா பையில என்ன?"

"அவங்க சொந்த சாமான் சார்," என்றார் சுண்ணாம்பு.

"சொந்த சாமான் இல்ல சார், அணையோட சாமான்," என்றாள் அவள். "கீழ தொட்டிக்கு வாங்க சார், அஞ்சு நிமிஷம். என்னன்னு நீங்களே பாருங்க."

படியில் அவள் எல்லோருக்கும் முன்னால் இறங்கினாள். காலையில் அளவெடுத்தபோது தொட்டியின் அடியில் நாலு விரல் கனத்துக்கு மண் படிந்திருந்தது. குச்சியை விட்டால் நட்டுக்கொண்டு நின்றது. அந்த மண்ணைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள் என்றால் நம்புவீர்களா? சந்தோஷப்பட்டாள்.

தொட்டி கண்ணாடி மாதிரி இருந்தது.

அடிச் சிமெண்டு தெரிந்தது. மூலை முடுக்கெல்லாம் தேய்த்திருந்தது. முக்கோணத் தகடு புதுத் தட்டு போல மின்னியது. பக்கத்தில் தேங்காய் நார் பிரஷும் கையுமாக, முழங்கால்வரை நனைந்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றான் பளபளா.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"டேய்! யாருடா உன்னைக் கழுவச் சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. நானேதான்." இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். "உன் தொட்டி அசிங்கமா கிடந்தா சாரு உன்னைப் பத்தி என்ன நினைப்பாரு? காலையில நீ அளந்துட்டுப் போனதும் வந்துட்டேன்."

சுண்ணாம்பு ஆகாயத்தைப் பார்த்தார். "நான் சொல்லல," என்றார். உண்மை.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். "நல்லா வெச்சிருக்கீங்களேம்மா. தண்ணி தெளிவாத்தான் இருக்கு."

"சார், கலங்கல் மேலாகப் பாத்தா தெரியாது, மண்ணு அடியில படியும் சார். நிதானமாத்தான் படியும். வருஷா வருஷம் நீங்க வர்றதுக்கு முன்னாடி கழுவிடறாங்க, நீங்க பாக்கறது கழுவின தொட்டியை! இங்க பாருங்க, நாலு மாசமா எடுத்து வெச்சிருக்கேன். மழைக்கு முன்னாடி ஏரியை ரெண்டு மீட்டர் இறக்கச் சொல்லுங்க சார்." பையைத் திறந்து பாட்டில்களைத் தொட்டியின் விளிம்பில் வரிசையாக வைத்தாள். அவசரத்தில் ஒன்று உருண்டு ஓடையில் விழுந்தது. மூன்றாம் தேதி மண், தண்ணீரோடு போய்விட்டது.

ஆய்வாளர் ஒரு பாட்டிலை எடுத்து வெயிலில் பிடித்தார். அடியில் ஒரு நீலப் பொத்தான் தெரிந்தது. "அம்மா, பாட்டில்ல இருக்கற மண்ணு பாட்டில்ல இருக்கற மண்ணுதான். இது எங்க எடுத்தது, யார் முன்னாடி எடுத்தது, எதுக்கும் எழுத்து இல்ல. இதை வெச்சு நான் ஏரியை இறக்கச் சொன்னா என்னைத்தான் முதல்ல இறக்குவாங்க."

"படிவத்துல எழுத இடமில்ல சார்!"

"அப்போ எழுதற அளவுக்கு விஷயம் இல்லன்னுதானே அர்த்தம்."

சுண்ணாம்பு அதைக் கேட்டு மெல்லத் தலையாட்டினார். தன்னைப் போலவே சிந்திக்கும் ஒருவரைச் சந்தித்த நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குடையை விரித்தார். மூன்று மணிக்குள் அவர் கிளம்பியாக வேண்டும்.

அளவுக்காரி அங்கேயே விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் அழுகை வந்தது. அழுவதா, தம்பியை அறைவதா என்று தெரியவில்லை.

பளபளாவுக்குத் தன் வேலையை யாரும் சரியாகப் பாராட்டவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். முதலாளி வீட்டுக் காரைக் கழுவியவன் போல ஓரடி முன்னால் வந்தான். "சும்மா இல்ல சார். ஆறு வாளி அள்ளிப் போட்டேன். நிறைய நிறைய ஆறு வாளி. அப்புறம்தான் இப்படி வந்துச்சு."

விரித்த குடை நின்றது.

"ஆறு வாளி என்ன?"

"மண்ணு சார்."

"இந்தத் தொட்டிலேருந்தா?"

"வேற எங்கேருந்து சார்?" அவன் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

"கடைசியா எப்போ கழுவின?"

"மாசக் கடைசியில. பதினோரு நாள் ஆச்சு. முன்னெல்லாம் மாசத்துக்கு ரெண்டு வாளிதான் சார் வரும். இப்போ கை வலிக்குது."

ஆய்வாளர் குடையை மடக்கினார். சுண்ணாம்பு இரண்டு முறை இருமினார்.

"அள்ளின மண்ணை என்ன பண்ணுவ?"

"வீணாக்கமாட்டேன் சார். ரோஜாச் செடிக்குத்தான்."

"எந்த ரோஜாச் செடி?"

"நீங்க தங்கற பங்களா வாசல்ல இருக்கே சார், அது. நல்ல மண்ணு, நைஸா இருக்கும். மேற்பார்வையாளர் சாருதான் அங்க போடச் சொன்னாரு, ஆறு வருஷத்துக்கு முன்னாடி. அதுலேருந்து அங்கதான்."

இப்போதுதான் அளவுக்காரி தலையை நிமிர்த்தினாள். அவளுக்கே இது தெரியாது. அடிவாரத்து ஆட்களுக்குப் பங்களா வாசலில் வேலை இல்லை. அவள் அந்த ரோஜாக்களைச் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. மண்ணை ஓடையில் கொட்டுகிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு பேரும் மேலே ஏறினார்கள். பாதி வழியில் சுண்ணாம்பு, "செடிக்கு உரமும் போட்டிருக்கோம் சார்," என்றார்.

பங்களா வாசலில் ரோஜாக்கள் முஷ்டி அளவுக்குப் பூத்து நின்றன. பாத்தி ஓரத்தில் செங்கல் வரிசை. முதலில் ஒரு வரிசையாக இருந்தது. மண் ஏற ஏற அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கிப் புதுச் செங்கல் பழைய செங்கல் என்று கோடு கோடாகத் தெரிந்தது. வராண்டாவுக்கு மூன்று படி. இரண்டு படி பாத்திக்குள் புதைந்து போய் ஒன்றுதான் வெளியே இருந்தது. ஆய்வாளர் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்த அந்தப் படிகளில் ஏறித்தான் சாப்பிடப் போயிருக்கிறார்.

அவர் கையை விட்டுத் தோண்டினார். சாம்பல் நிறம். விரலிடுக்கில் மாவு போல வழிந்தது. அளவுக்காரி ஒரு பாட்டிலைத் திறந்து அவர் மறு உள்ளங்கையில் கொட்டினாள். இரண்டு கையும் ஒரே நிறம்.

பையிலிருந்து தையல்காரரின் நாடாவை எடுத்து அவளே பாத்தியை அளந்தாள். நீளம் இருபது அடி. அகலம் ஆறு. உயரம் ஓரடி.

"நூத்தி இருபது கன அடி சார். எங்க வீட்டுக் குளியலறை அவ்வளவு. அணைக்குள்ள எங்கயோ ஒரு குளியலறை காலியா இருக்கு."

ஆய்வாளர் அந்த ஒற்றைப் படியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாலு வருஷமா நான்தான் வரேன்மா. நாலு ரிப்போர்ட்டுலயும் எழுதியிருக்கேன். 'தோட்டம் நன்கு பராமரிக்கப்பட்டுள்ளது'ன்னு."

இப்போது விஷயம் அணையை விட்டு அவர் மானத்துக்கு வந்து நின்றது. இன்று உண்மையை எழுதினால் நாலு வருடம் பூவை முகர்ந்துவிட்டுப் போன ஆள் என்று ஆகும். எழுதாமல் போனால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரிந்தது, மனிதர் படித்தவர்தான். உட்கார்ந்திருந்தார், உட்கார்ந்திருந்தார். சாப்பாடு ஆறிவிடும் என்று உள்ளேயிருந்து சமையல்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

அளவுக்காரிக்குப் பொறுமை போயிற்று. "சார், நீங்கதான் கண்டுபிடிச்சதா எழுதுங்க. என் பேரு வேண்டாம், பாட்டில் வேண்டாம். தோட்டத்தைப் பாக்கப்போனீங்க, மண்ணைப் பாத்தீங்க, சந்தேகம் வந்துச்சு. அப்படியே எழுதுங்க. மழைக்கு மூணு வாரம்கூட இல்ல."

அவர் பேனாவை எடுத்தார். 'தோட்டப் பராமரிப்பை நுணுக்கமாகப் பார்வையிட்டபோது' என்று தொடங்கியது ரிப்போர்ட். நுணுக்கமாக என்ற சொல்லைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, விழுங்கிக்கொண்டாள். இரண்டு மீட்டர் கேட்டாள், ஒன்றரை எழுதினார். ஏன் ஒன்றரை என்றதற்கு, "ரெண்டுன்னா பயந்த மாதிரி இருக்கும்," என்றார்.

பத்து நாளில் ஏரி ஒன்றரை மீட்டர் இறங்கியது. கசிவு பதினொன்றிலிருந்து ஆறுக்கு வந்தது. இதைக் கேட்டு ஊர் அவளுக்கு நன்றி சொன்னது என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியவில்லை. ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் மேல்குழாயின் வாய் ஏரி மட்டத்துக்கு மேலே நின்றுவிட்டது. வீட்டுக் குழாய்கள் காற்றை ஊதின. ஊருக்குப் பொதுவாக, அளவுக்காரி வீட்டுக்கு எதிரே இருந்த தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம். வரிசையில் அளவுக்காரி தன் குடத்தோடு நின்றால் முன்னாலிருப்பவர்கள் பின்னாலிருப்பவர்களோடு அவள் தலைக்கு மேலே பேசினார்கள்.

"மண்ணு வந்துச்சாம், மண்ணு. எங்க வீட்டுலதான் தினம் மண்ணு வருது, நாங்க ஏரியையா இறக்கறோம்?"

"அறுபது வருஷம் நின்னது, இந்தம்மா பாத்ததும் விழுந்துடுமாக்கும்."

அணைக்குள் தோண்டிப் பார்க்கும் வேலை அடுத்த வருடத் திட்டத்தில் சேர்க்கப்படும் என்று கடிதம் வந்தது. அதோடு இன்னொரு கடிதமும் வந்தது. கசிவுத் தொட்டியின் படிவுகளை அனுமதியின்றி அகற்றியதற்காகப் பராமரிப்புத் தற்காலிக ஊழியர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். பளபளாவுக்கு வேலை போய்விட்டது. ஆறு வருடமாக ரோஜாப் பாத்தியில் மண்ணைப் போட வைத்தவர் தன் நாற்காலியிலேயே இருந்தார். "நான் எழுத்துல சொல்லலையேம்மா," என்றார் சுண்ணாம்பு, அவள் போய் மேசையைத் தட்டியபோது. "வாயால சொன்னதுக்கெல்லாம் கட்டம் கிடையாது."

அவள் ஆய்வாளருக்கு எழுதினாள். தங்கள் கடிதம் உரிய அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.

தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் பின்பக்கம் எழுந்து போய்விட்டான். தம்பி மனைவி வாசலிலேயே நின்று, "அண்ணி, உங்க அணை நல்லா இருக்கட்டும்," என்றாள். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் அவள் அளவுக்காரியோடு பேசவில்லை. வரிசையில் பக்கத்தில் நிற்க நேர்ந்தாலும் முகத்தைக் குழாய்ப் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"நல்லது பண்ணப்போய் உனக்கு என்ன மிச்சம்?" என்றார் தையல்காரர்.

"உங்க பாட்டில் மிச்சம். கழுவித் தரேன், எடுத்துக்குங்க."

மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. திறந்துவிட்ட மதகால் வருகிற வெள்ளம் அத்தனையையும் வெளியேற்ற முடியவில்லை. இறக்கிய ஒன்றரை மீட்டரில் பாதி திரும்ப ஏறிவிட்டது. நாலாம் நாள் தெருக்குழாய் நாள். மழையில் குடையும் குடமுமாக நீண்ட வரிசை. மேலேயிருந்து வானமே தண்ணீராகக் கொட்ட, குழாய்த் தண்ணீருக்கு வரிசையில் நிற்க வைத்துவிட்டாளே என்று அவளுக்கு அன்று வசவு கொஞ்சம் கூடுதல். காலை அளவை எடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. அவளுக்கு முன்னால் நாலாவது ஆளாகத் தம்பி மனைவி.

தம்பி மனைவி திரும்பவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னிக்கு எவ்வளவு?" என்றாள்.

யாரைக் கேட்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒம்பது," என்றாள் அளவுக்காரி.

"நேத்து?"

"ஏழரை."

"கலங்கலா?"

"கலங்கல்தான்."

"நீங்க எத்தனையில போகச் சொல்லுவீங்க?"

இத்தனை மாதத்தில் யாரும் அவளிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆய்வாளர் கேட்கவில்லை, அலுவலகம் கேட்கவில்லை. அதைக் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. "ஏழரையிலயே," என்றாள். "நேத்தே வந்திருக்கணும்."

தம்பி மனைவி குடத்தை அப்படியே வரிசையில் வைத்துவிட்டு நடந்தாள். ஓடவில்லை, வேகமாக நடந்தாள். அளவுக்காரி தன் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளி இடம் செய்தாள். முக்கால் மணி நேரத்தில் அவர்கள் மேட்டில் ஏறி வந்தார்கள். முன்னால் இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு; நடுவில் தம்பி மனைவி மடித்த துணிமூட்டையோடு; கடைசியில் பளபளா, மெத்தையைத் தலைமேல் சுமந்து, யாரையும் பார்க்காமல். வாசலில் வந்ததும் தம்பி மனைவி நின்றாள்.

"உங்க தம்பிக்கு வேலை திரும்பக் கிடைக்கிற வரைக்கும் நான் உங்களோட பேசமாட்டேன். இங்க இருப்போம். ஆனா பேசமாட்டேன்."

"பேசாத. உள்ள வா."

வரிசை இதையெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பள்ளத்துத் தெருக்காரர்கள் அதில் பதினோரு பேராவது இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் அணை இருக்கும் பக்கம் பார்த்தார். மழைத்திரையில் ஒன்றும் தெரியவில்லை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, இன்னும் நாற்பது நிமிஷம்தான் வரும். யாரோ தம்பி மனைவியின் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினார்கள். வரிசை ஒரு ஆள் முன்னால் நகர்ந்தது.